ஒரு கிலோமீட்டருக்குள்

தேவஸ்யாவின் வீடு என் கடைக்கு நேர் எதிர்க்கரை. நடுவில் வாய்க்கால். அந்தப் பக்கம் ஒருவன் தும்மினால் இந்தப் பக்கம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஆகவே அந்த வீட்டில் நடந்ததை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். தண்ணீருக்கு மேல் பேச்சு தானாக வந்து சேர்கிறது. காதைப் பொத்திக்கொண்டா டீ ஆற்ற முடியும்?

நான் மார்த்தாண்டத்துக்காரி. கல்யாணம் கட்டி இந்தத் தண்ணீர்க்காட்டுக்கு வந்து முப்பத்தொரு வருஷமாகிறது. கட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் குட்டநாட்டுக்காரர்களுக்கு நான் பாண்டிச்சிதான், தமிழச்சிக்கு இங்கே அதுதான் பேர். படகுத்துறையில் கடை. சாயா, பழம், சோப்பு, வாத்து முட்டை. முட்டை தேவஸ்யா கொடுப்பது.

அவன் வாத்து மேய்ப்பவன். ஆயிரத்து எண்ணூறு உருப்படி. விடிகிற நேரத்தில் கரையில் வலை கட்டிய பட்டிக்குள் குனிந்து, சேற்றில் கிடக்கும் முட்டைகளை அவனும் மகள் ஜிஸ்மியும் கூடையில் பொறுக்குவார்கள். பிறகு வலையைத் தூக்கினால் எல்லாம் ஒரே கூச்சலாகத் தண்ணீரில் இறங்கும். அவன் சின்ன வள்ளத்தில் நின்றபடி, நுனியில் பிளாஸ்டிக் பை கட்டிய கம்பை அங்கே இங்கே ஆட்டி, விதைக்காமல் கிடக்கும் வயலுக்கு ஓட்டிப் போவான். பகல் முழுக்க வெயிலோ மழையோ அதே வள்ளம், அதே கம்பு. மனிதர்களிடம் பேசுவதைவிட வாத்துகளிடம் அதிகம் பேசுவான் என்று கடையில் கேலி நடக்கும்.

ஒருமுறை வேறு எவனுடைய வாத்தோ ஒன்று இவன் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. இங்கே ஒவ்வொருவனும் வாத்தின் கால் சவ்வில் தனக்கென்று ஒரு வெட்டு வைத்திருப்பான், அதை வைத்துத்தான் அடையாளம். சாயங்காலம் இவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று வாய்க்கால் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஜிஸ்மிக்குப் பதின்மூன்று வயது. பசியில் கத்தினாள்.

"ஒரு வாத்துக்காக ரெண்டு மணி நேரமா அப்பச்சா? அவங்க நம்ம வாத்தைக் கொண்டுவந்து கொடுத்தாங்களா என்னைக்காவது?"

"அது ராத்திரி பூரா அதோட கூட்டத்தத் தேடும் மோளே."

அவ்வளவுதான் அவன் பதில். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு கஞ்சியைச் சூடாக்கினாள்.

அவளுடைய அம்மா லில்லிக்குட்டி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்காரி. போய் நாலு வருஷம். அந்த டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு வாத்தெல்லாம் விற்றுப் பாதியில் நிற்கும் வீட்டுக்கு மேல்கூரை போட்டுவிட்டால் லில்லி வந்துவிடுவாள், ஒரேயடியாக. விற்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஜிஸ்மி என் கடைக் காலண்டரில்தான் நாள் கிழித்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் கிழித்தால் அப்பச்சன் மனசு கஷ்டப்படுவானாம்.

இங்கே இருபத்தைந்து நாள் நோன்பு. மீன் இறைச்சி எதுவும் கிடையாது, கஞ்சியும் பயறும் மரச்சீனிக் கிழங்கும்தான். அத்தனை நாள் நாக்கைக் கட்டிய சனம் கிறிஸ்துமஸ் காலையில் அப்பமும் வாத்துக்கறியும் தின்றுதான் நோன்பு விடும். வாத்துக்காரனுக்கு வருஷமென்றால் அந்த ஒரு வாரம்தான்.

நோன்பின் இரண்டாம் நாள் காலையில் ஜிஸ்மி போட்ட சத்தத்தில் நான் கையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டேன்.

"அப்பச்சா, இங்க வாங்க! இது என்ன இப்படிச் சுத்துது?"

ஒரு வாத்து தண்ணீரில் ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தேவஸ்யா அதைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தான். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. பட்டிக்குள் மூன்று செத்துக் கிடந்தன. மறுநாள் பதினொன்று.

அடுத்த வீட்டுப் பாப்பச்சன் வந்தான். அவனுக்கு நாலாயிரம் வாத்து. நல்ல மனுஷன், தொண்டை மட்டும் பெரிசு.

"எடா தேவஸ்யா, இது வயல்ல அடிச்ச விஷம். தின்னதுங்க சாவுது. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு!"

"விஷத்துல கண்ணு வெளுக்குமா பாப்பச்சா?"

"நீ என்ன டாக்டரா? வியாபாரிகிட்ட நான் பேசுறேன். நாளைக் கழிச்சு லாரி வரும். நிக்கிறத எல்லாம் ஏத்தி விடு. நோன்பு முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தா உனக்கு ஒரு இறகுத் தூவல்கூட மிஞ்சாது."

"அதுவா இருந்தா?"

எதுவென்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பறவைக்காய்ச்சல் என்ற பேச்சை வாத்துக்காரர்கள் பல்லுக்கு வெளியே விடுவதில்லை. உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சிறகுள்ளது எதையும் அரசாங்கம் மிச்சம் வைக்காது. சீக்கு வந்தது, வராதது என்ற பேதம் கிடையாது. நஷ்டஈடு என்று தருவது பாதி விலைக்குக்கூட வராது, அதுவும் எப்போதோ.

"அதுவா இருந்தாலும் வாயைத் திறக்காத," என்றான் பாப்பச்சன். "நீ திறந்தா என் நாலாயிரமும் போச்சு. கேட்டியா?"

நானும் சும்மா இருக்கவில்லை. இக்கரையிலிருந்து கத்தினேன். "தேவஸ்யா, பாப்பச்சன் சொல்றதக் கேளு. லில்லி வர வேண்டாமா?" எனக்கும் கொல்லையில் இருபத்திரண்டு வாத்தும் ஒன்பது கோழியும் இருந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

ஜிஸ்மி தேவஸ்யாவின் பக்கத்தில் குந்தினாள். "ஏத்தி விட்ருங்க அப்பச்சா. யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் மடியில் அந்த வாத்து கிடந்தது. அதன் கழுத்தை நிமிர்த்திப் பிடித்தபடி கேட்டான். "லாரியில ஏத்தினா எங்க போவும்?"

"எங்கயோ போவுது. கோட்டயத்துக்குப் போவும்," என்றான் பாப்பச்சன்.

"அங்க யாரு தூவல் பறிப்பா?"

"பறிக்கிறவ பறிப்பா. உனக்கென்ன?"

"லில்லி ஆறு வருஷம் அந்த வியாபாரி கொட்டகையில உக்காந்து பறிச்சவ. கைக்கு உறை கிடையாது, மூக்குக்குத் துணி கிடையாது. வாயெல்லாம் தூவல் ஒட்டிக்கிட்டு வருவா. அவ உக்காந்த பலகையில இப்ப வேற ஒருத்தி உக்காந்திருப்பா."

"அவ உனக்கு யாருடா?"

"யாருமில்ல," என்றான் தேவஸ்யா.

பாப்பச்சன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இவன் இப்படித்தான் ஏதாவது உளறுவான், கடைசியில் ஏற்றிவிடுவான் என்றுதான் அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை பனி விலகவில்லை. கடையைத் திறந்து அடுப்பு மூட்டுகிறேன், அக்கரையில் தேவஸ்யா செத்த வாத்து இரண்டை உரச்சாக்கில் போட்டு வள்ளத்தில் வைக்கிறான். ஜிஸ்மி ஓடிவந்து வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க?"

"மிருக ஆஸ்பத்திரிக்கு."

"அம்மை வரமாட்டா அப்பச்சா."

"தெரியும் மோளே."

"தெரிஞ்சுமா போறீங்க?"

அவன் கயிற்றைப் பிடுங்கவில்லை. அதட்டவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்தான். அவள் அழுது மூக்கைச் சிந்தினாள், கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள், மறுபடி அழுதாள். எனக்குப் பால் பொங்கி வழிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவளேதான் விட்டாள். விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் துடுப்பை எடுத்தான்.

ஆறாம் நாள் வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக இரண்டு படகு நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்போதுதான் ஊருக்குத் தெரியும், பாப்பச்சனுக்கும் அப்போதுதான் தெரியும். கரையில் விறகு அடுக்கி டீசல் ஊற்றினார்கள். தேவஸ்யாவுடையது முதலில், அப்புறம் பாப்பச்சனுடையது. பாப்பச்சனின் வாத்துகள் தளதளவென்று நல்ல கொழுப்போடு இருந்தன. அவன் கரையில் நின்று தேவஸ்யாவின் அப்பன் பாட்டனையெல்லாம் இழுத்துத் திட்டினான், குரல் கம்மும்வரை. பிறகு என் கொல்லைக்கு வந்தார்கள். ஒன்பது கோழியில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டையோடு சாக்கில் போட்டார்கள். நோன்புக் காலத்தில் ஊர் முழுக்க இறைச்சி கருகும் வாடை. கஞ்சி இறங்கவில்லை எனக்கு.

அதன்பிறகு தேவஸ்யா வீட்டோடு யாரும் பேசவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஆளாளுக்குத் தோன்றியது. ஆளைக் கரை சேர்க்கும் கடத்து வள்ளக்காரன் ஜிஸ்மி கைகாட்டினால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனான். கரோல் பாடி வந்த கூட்டம் பாப்பச்சன் வீட்டு முற்றத்தில் கொட்டடித்துவிட்டு, தேவஸ்யா வீட்டைத் தாண்டும்போது கொட்டடிப்பதை நிறுத்திக்கொண்டது. அந்தப் பெண் அப்பச்சனுக்குத் தெரியாமல் பலகாரத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள். நான்? தேவஸ்யா வெல்லம் வாங்க வந்தான், பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பாண்டிச்சி என்று ஒதுக்கி வைத்த ஊரோடு சேர்ந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது, விடவில்லை.

வீட்டுக்குள் ஜிஸ்மியும் அவனோடு பேசவில்லை. கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். காலிப் பட்டிக்குள் அவன் போய் வலையைச் சுருட்டுவான், மறுபடி விரிப்பான். காலையில் எழுந்தால் கைக்கு வேலை இல்லாதவனை அப்போதுதான் நான் பார்த்தேன்.

என் கடைக்குப் பின்பக்கம்தான் இங்கே போன் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரு சாயங்காலம் அவனும் மகளும் அங்கே நின்று லில்லியை அழைத்தார்கள். லில்லியின் குரல் போனைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"நாட்டுல நல்லவன் நீ ஒருத்தன்தானா? இங்க நான் எவ வீட்டுக் கக்கூஸையோ கழுவிக்கிட்டுக் கிடக்கேன். பொண்ணு பெரியவளானப்ப பக்கத்துல இல்ல. அவ தலையில பேன் பாக்க ஆளில்ல. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். ரெண்டு வருஷம். சந்தோஷமா உனக்கு?"

"ம்."

"ம்முன்னா? வாயில என்ன இருக்கு?"

"நீ சொல்லு லில்லி. கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் வெகுநேரம் அழுதாள். அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். வைத்த பிறகு ஜிஸ்மி கேட்டாள். பத்து நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"தூவல் பறிக்கிறவங்களைப் பத்தி ஏன் சொல்லல? சொன்னா அம்மைக்குப் புரிஞ்சிருக்கும்."

"அவ அழட்டும் மோளே. நான் நியாயம் பேசினா அவளால அழக்கூட முடியாது."

அந்தப் பெண் அவனை ஒருமாதிரியாகப் பார்த்தாள். வீட்டுக்குப் போகையில் துடுப்பை அவன் கையிலிருந்து வாங்கித் தானே துழாவினாள்.

கடத்து வள்ளக்காரன் ஏற்றாததால் பள்ளிக்கூடத்துக்கும் அவளே வள்ளம் ஓட்டிப் போனாள், ஆகாயத்தாமரை அடைத்த பின்வாய்க்கால் வழியாக. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள், நேராக என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சேச்சி, தெற்குத் துருத்துல பாப்பச்சன் சேட்டனோட மச்சினன் வீடு இருக்குல்ல? அங்க தோப்புக்குள்ள வாத்து நிக்குது."

"நின்னா நிக்கட்டும்."

"வலது கால்ல நடுச்சவ்வுல வெட்டு இருக்கு. பாப்பச்சன் சேட்டனோட அடையாளம். ஒண்ணு வட்டம் சுத்துது."

ஆட்கள் வந்த அன்றே பாப்பச்சன் கொஞ்சத்தைப் பின்வழியாகக் கடத்தியிருக்கிறான். துருத்து என்பது தண்ணீர் சூழ்ந்த திட்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்.

"எடீ, நீ ஒண்ணும் பாக்கல. கண்ண மூடிக்கிட்டு வள்ளம் ஓட்டின. சரியா? ஒருதடவ உன் அப்பன் வாயைத் திறந்து பட்டது போதாதா? பேசாம வீட்டுக்குப் போ."

அவள் போனாள். ஆனால் தன் வீட்டுக்குப் போகவில்லை. பாப்பச்சன் வீட்டுப் படியில் வள்ளத்தைக் கட்டினாள். தேவஸ்யா வயல் பக்கம் போயிருந்தான். நான் கையில் கிளாஸோடு நின்றுவிட்டேன்.

பாப்பச்சன் வெளியே வந்தான். "என்னடீ?"

"சேட்டா, தெற்குத் துருத்துல உங்க வாத்தப் பாத்தேன்."

"என் வாத்தையெல்லாம் உன் அப்பன் எரிச்சாச்சு."

"அடையாளம் பாத்தேன் சேட்டா."

பாப்பச்சன் ஒரு படி இறங்கினான். "அப்பன் அனுப்பினானா?"

"அப்பச்சனுக்குத் தெரியாது."

"ஆஸ்பத்திரியில சொல்லியாச்சா?"

"இல்ல. உங்ககிட்டச் சொல்லிட்டுச் சொல்லலாம்னு வந்தேன்."

"நல்ல குடும்பம்! அப்பன் முதுகுல குத்துவான், மக நெஞ்சுல குத்துவா!" பாப்பச்சன் கையிலிருந்த கம்பை ஓங்கித் தரையில் எறிந்தான். அவள் ஒதுங்கவில்லை. பிறகு அவன் குரல் இறங்கியது. "அது விக்கிறதுக்கு இல்லடீ. விதைக்கு. என் அப்பன் காலத்துச் செம்பல்லி வாத்து வம்சம். இருநூறு. அதுவும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணு சுத்துது சேட்டா. இன்னொண்ணுக்குக் கண்ணு வெளுத்திருக்கு."

"அது தூசி."

"அந்த வீட்டுக் குழந்தை பக்கத்துல உக்காந்து தவிடு போடுது. வாத்து அதோட கையில கொத்தித் திங்குது."

பாப்பச்சன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு முதல் படகுல நான் போவேன்," என்றாள். "அதுக்குள்ள நீங்களே போயிட்டா நல்லது."

"எதுக்குடீ அழுற? அழுறதுக்கா வந்த?"

"பயமா இருக்கு சேட்டா."

"போ," என்றான் அவன். "கண்ணு முன்னால நிக்காத, போ."

மறுநாள் முதல் படகுக்கு அரைமணி முன்பே அவள் துறையில் நின்றாள், பள்ளிக்கூட உடுப்பிலேயே. டீ கொடுத்தேன், வேண்டாமென்றாள். பாப்பச்சன் வீட்டில் அவனுடைய வள்ளத்தைக் காணோம். ராத்திரியோடு ராத்திரியாக வாத்தை வேறெங்காவது மாற்றிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். படகு வந்து நின்றது. அவள் ஏறினாள். கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் தெற்கேயிருந்து பாப்பச்சன் வேகமாகத் துழாவிக்கொண்டு வந்தான். வள்ளத்தில் ஒரு உரச்சாக்கு. துறையில் கட்டினான், சாக்கைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினான். அவள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவன் கடைசியில் போய் உட்கார்ந்தான். படகு போயிற்று.

அன்று சாயங்காலம் பாப்பச்சன் தேவஸ்யாவின் படியில் வந்து நின்றான். உள்ளே ஏறவில்லை.

"என் சாக்க ஆஸ்பத்திரியில நான்தான் கொடுத்தேன். உன் மகளை நான் வாயைத் திறக்க விடல. நாளைக்கு வந்து தூக்கிருவாங்க."

தேவஸ்யா விழித்தான். "எதை?"

பாப்பச்சன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டுக் கேட்டான். "உன் மக வந்து என் முகத்தப் பாத்துச் சொன்னாடா. சின்னப் பொண்ணு. நீ ஏன் சொல்லல? அடுத்த வீட்டுக்காரன் நான். படகுல வெள்ளை உடுப்பு வந்து இறங்கினப்பதான் எனக்குத் தெரியும். என் வாத்து போனதவிட அதுதான்டா எனக்கு ஆறல."

தேவஸ்யா தலையைக் குனிந்தபடி சொன்னான். "உன் முகத்தப் பாத்திருந்தா நான் போயிருக்க மாட்டேன் பாப்பச்சா."

பாப்பச்சன் தண்ணீரில் காறித் துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டான். போய்விட்டான். சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இன்றுவரை அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு என்றால் தலையாட்டல்தான்.

ஜிஸ்மி படியில் உட்கார்ந்து கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவஸ்யா அவள் பக்கத்தில் வந்து நின்றான். நின்றவன் அப்படியே குந்தினான்.

"தனியாவா போன?"

"ம்."

"என்கிட்டச் சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பேன்ல?"

அவள் பானையைத் தண்ணீரில் முக்கிக் கழுவினாள். தலை நிமிரவில்லை.

"நீங்களும் தனியாத்தானே அப்பச்சா போனீங்க?"

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அந்த மனுஷன் அழுது அன்றுவரை நான் பார்த்ததில்லை. அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அவன் முதுகில் வைத்தாள். அந்த இரண்டு பேருக்கும் துணையாக ஒரு ஆள் போயிருக்கலாம். முதல் தடவையும் சரி, இரண்டாம் தடவையும் சரி, பார்த்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். இரண்டு தடவையும் நான் கடையை விட்டு இறங்கவில்லை.